படிவத்தில் இல்லாத கேள்வி

பதின்மூன்றாவது வீட்டிலும் அதே பதில்தான் வந்தது.

“நல்லாத்தான் இருந்தா லா. காலையில பசியாறிட்டு துணி துவைச்சா. சாயங்காலம் ஆளு இல்ல.”

பேசியவர் பிச்சைமுத்து, ஃபேக்டரி ஒன்றில் காவலாளி. இறந்தவர் அவர் மனைவி சரளா. வயது நாற்பத்தெட்டு.

புஷ்பலதா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதினாள். காம்பார் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது, வீட்டுச் சாவுகளின் காரணத்தை விசாரிக்கும் அந்த ஆய்வு அலுவலகம். கீழே சாப்பாட்டுக் கடை. மதிய எண்ணெய் வாசம் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மூன்று பழைய ரப்பர் தோட்டங்களைச் சுற்றி, ஐந்து ஆண்டுகளில், நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் பதினான்கு பெண்கள் வீட்டிலேயே இறந்திருந்தார்கள். பதினான்கு பேருக்கும் ஒரே காரணம்: தெரியவில்லை.

காரணம் தெரியாத சாவு, ஆயிரம் பெண்களுக்கு ஆண்டுக்கு 2.37. ஈப்போ நகரப் பகுதியில் அதே வயதுக்காரிகளுக்கு 0.76.

ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்து லயவீடு போய் மலிவு வீடு வந்துவிட்டது. இந்தச் சாவு மட்டும் இடம் மாறவில்லை.

வீட்டில் சாவு விழுந்தால் போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டும். காயம் இல்லை, சந்தேகம் இல்லை என்றால் குடும்பம் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வார்கள். உடலை அறுக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டார் கெஞ்சுவார்கள். நோய்நொடி ஒன்றும் கிடையாது, நல்லாத்தான் இருந்தாங்க என்பார்கள். அழுகையோடு வரும் அந்த வாக்கியத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

ஆய்வை நடத்தும் டாக்டர் நஸீரா காலையிலேயே சொல்லிவிட்டார்.

“மார்புப் புற்றா இருக்கும்னு வெறும் சந்தேகத்த எழுதி அனுப்ப முடியாது புஷ்பா. ஒரு வீடாவது வாயத் தொறந்து சொல்லணும். இல்லாட்டி மார்பகப் பரிசோதனை வேன் இந்த வருஷமும் டவுனுக்குத்தான் போவும்.”

அறிக்கை ஐந்து மணிக்குப் போக வேண்டும். மணி நான்கு.

“அங்கிள், இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்றாள் புஷ்பலதா. “கடைசி மாசங்கள்ல ஆன்ட்டி வீட்ல சாம்பிராணி நெறைய போட்டாங்களா?”

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

“இத ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல அங்கிள்.”

“காலையிலயும் போடுவா, ராத்திரியும் போடுவா. வீடே புகை மண்டிக் கிடக்கும். சாமி பக்தி முத்திப் போச்சுன்னு நான் கிண்டல் பண்ணுவேன்…”

இணைப்பு அறுந்தது.

சாம்பிராணிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. புஷ்பலதா ஓரத்தில் எழுதி வைத்தாள். பதின்மூன்று வீடுகளில் அது ஒன்பதாவது சாம்பிராணி.

அவள் நாற்காலிக்குப் பின்னால் டாக்டர் நஸீரா நின்றிருந்தார்.

“இந்தக் கேள்வி ஃபாரத்துல இல்லையே. எப்படித் தோணுச்சு ஒனக்கு?”

“சும்மா கேட்டேன் டாக்டர்.”

“சாம்பிராணிய மரணக் காரணம்னு எழுத முடியாதும்மா.”

“தெரியும்.”

இன்னும் ஒரு வீடு பாக்கி. வரிசையில் அது ஏழாம் எண். மூன்று நாளாக அந்தப் படிவத்தை மட்டும் அடியில் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுவந்திருந்தாள். கருப்பம்மாள், வயது ஐம்பத்திரண்டு. முன்பு ரப்பர் பால் வெட்டியவர், பிறகு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை.

புஷ்பலதா தொலைபேசியை எடுத்தாள். எண்ணை அழுத்தாமலேயே வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

மரணத்துக்கு முன் கண்ட அறிகுறி: இடது மார்பில் கட்டி. பிறகு புண்.

அறிந்திருந்தவர்: மூத்த மகள் மட்டும்.

எவ்வளவு காலமாக: எட்டு மாதம்.

மருத்துவமனைக்குச் செல்லாத காரணம் என்ற கட்டத்தில்தான் நேரம் பிடித்தது. சின்ன மகளின் கல்யாணம் முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மூத்தவளிடம் சத்தியம் வாங்கியது. புண்ணுக்கு மஞ்சளும் பழைய துணியும் வைத்துக் கட்டியது. வாடை வெளியே தெரியாமல் இருக்க சாம்பிராணி. சந்தையிலிருந்து அரைக்கிலோ அரைக்கிலோவாக வாங்கி வந்தது மூத்தவள். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது சாவு. மறுநாள் காலை போலீஸ் நிலையத்தில், நல்லாத்தான் இருந்தாங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

எழுதும்போது ஓரிடத்தில் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் போட்டாள்.

கணினியில் ‘தெரியவில்லை’ என்ற கட்டத்தில் பதினான்கைப் பதின்மூன்றாக்கினாள். 2.37 என்பது 2.20 ஆனது. அதற்கு எதிரே, இதுவரை வெறுமையாகக் கிடந்த ‘மார்பகப் புற்று’ கட்டத்தில், 1 என்று விழுந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் நஸீரா வந்து படிவத்தை வாங்கினார்.

“அப்பாடா, ஒரு வீடு பேசிருச்சு. இது போதும் வேனுக்கு.”

தகவல் தந்தவரின் தொலைபேசி எண்ணுக்கு வந்ததும் அவர் கண் நின்றது. புஷ்பலதா வேலைக்குத் தாமதமாக வரும் நாட்களில் அவர் அழைத்துப் பழகிய எண்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி படித்தார்.

கடைசிக் கட்டத்தில், ‘இறந்தவர்’ என்ற சொல்லுக்கு முன்னால் அந்த அடித்தல் இருந்தது. ஒரே ஒரு கோடுதான், மெலிதாக. அடியில் இருந்த மூன்றெழுத்தும் அப்படியே தெரிந்தன.