மணி அடித்தால் வரும் தோசை

ஓர் ஓட்டல் சமையலறையில் மணி ஒன்று தொங்கியது. அது அடித்துப் பெயர் சொன்னால்தான் எவரும் வேலையைத் தொடங்கலாம், அதுவும் ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர். பால் காயும்வரை, மாவு பக்கத்திலேயே இருந்தும், தோசைக்கல் வெறுமனே புகைந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் முதலாளி கல்லை முறைத்தார். "இது சரியான மந்தம். இன்னைக்கும் லேட்டாச்சுன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

கல் மணியிடம் கெஞ்சியது.

"மணியண்ணே, மாவு வந்துடுச்சு, எண்ணெயும் வந்துடுச்சு. சுட்டுடவா?"

"முதல்ல காபி, அப்புறம்தான் தோசை. நான் அடிக்காம தோசை எப்படிடா வேகும்?"

"சூட்டுலதான் வேகும்ணே."

"வாய் நீண்டுபோச்சு உனக்கு!"

கல் அதற்கு மேல் கேட்கவில்லை. மாவும் எண்ணெயும் சேர்ந்த உடனே சுட்டது. சுட்டதைத் தட்டால் மூடி வைத்தது. அதைப் பார்த்த வடைச்சட்டியும் அரைத்த பருப்பு வந்ததும் பொரிக்க ஆரம்பித்தது.

கடைசியில் பால் பொங்கியது. காபி போனது. மணி கம்பீரமாக அடித்தது. "தோசை!"

அடித்த ஓசை அடங்குமுன் தோசை வந்தது. "வடை!" வடையும் வந்தது.

முதலாளி அசந்துபோனார். "இந்த மணி இல்லேன்னா இங்க ஒண்ணும் நடக்காதுப்பா!" என்று அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

கல் 'ஸ்ஸ்' என்றது.

"என்னடா முணுமுணுப்பு?" என்றது மணி.

"ஒண்ணுமில்லண்ணே. அடுத்த தோசை ரெடி. நீங்க மெதுவா உத்தரவு போடுங்க."