ஆஸ்திரியாவிலிருந்து ஒரு குழல்

“குழல் பதினெட்டு இன்ச்சுக்கு மேல வேணாம் பாபா. இருபத்து நாலு உங்க கைக்கு நீளம். வண்டியில ஏறி இறங்கறப்ப கதவுல இடிக்கும்.”

கடை மேனேஜர் சதக்கத்துல்லா காக்கா சொன்னதைக் கேட்டதும் பில் கவுன்டரில் இருந்த நஸீஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஷார்ஜாவில், லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் வேட்டைத் துப்பாக்கி விற்கிற கடை அது. எதிரே நின்ற கிழவர் அபூ ஸயீத் பழைய வாடிக்கை. வருஷா வருஷம் மகனைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர். அந்த மகன் போன மாதம் கார் உருண்டு மவுத்தாகிவிட்டான்.

இன்று தனியாக வந்திருந்தார். டிரைவர்கூட இல்லை.

“வீட்டுல இருந்த துப்பாக்கியெல்லாம் என் மக போலீஸ்ல ஒப்படைச்சிட்டா. ஒத்தைத் தோட்டா ரைஃபிள் ஒண்ணு குடு. சாதாரணமா இருந்தாப் போதும். இன்னைக்கே வேணும்,” என்று வந்ததுமே கேட்டிருந்தார்.

அவர் கேட்டது ஷெல்ஃபிலேயே இருந்தது. லைசென்ஸ் அவர் கையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. அவளும் நேரத்துக்கு அஜ்மான் பஸ்ஸைப் பிடிப்பாள்.

காக்கா விடுகிறாரா என்ன? கிழவரின் கையை டேப்பால் அளந்தார். தோளை அளந்தார். ஸ்பெஷலாகச் செய்த கார்பைன் என்கிற குட்டைக் குழல்தான் சரி என்றார். பிறகு தோட்டாவுக்கு வந்தார்.

“எந்த மிருகத்துக்கு பாபா?”

கிழவர் தரையைப் பார்த்தார்.

“எவ்வளவு தூரத்துல சுடணும்னாவது சொல்லுங்க. அதை வச்சுத்தானே காலிபர், அதான் தோட்டா சைஸ், முடிவு பண்ணணும்?”

“பக்கம்தான்.”

காக்கா அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மடமடவென்று ஆரம்பித்தார்.

“அப்ப முன்னூத்தெட்டு காலிபர் வேணவே வேணாம். தோளைப் பேத்துடும். ஏழு எம்.எம்.ல பழைய ஜெர்மன் காலிபர் ஒண்ணு இருக்கு. உதை கம்மி. குழலை ஆஸ்திரியாவுல உங்க அளவுக்குச் செஞ்சு அனுப்புவான். ஏழு மாசம் ஆகும். தோட்டாவும் அங்கேருந்துதான் வரணும்.”

“ஏழு மாசமா?”

“நல்ல சாமான்னா அப்படித்தான் பாபா.”

நஸீஹாவால் அதற்கு மேல் முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற மனுஷன் தலையிலா மிளகாய் அரைப்பது?

“பாபா, ஷெல்ஃபுல இருக்கிறதே நல்லா இருக்கு,” என்று அரபியில் போட்டு உடைத்தாள். “போன வாரம்தான் டெஸ்ட் பண்ணினோம். இப்பவே எடுத்துட்டுப் போகலாம்.”

கிழவர் அவள் பக்கம் திரும்பினார். கடைக்குள் வந்ததிலிருந்து இப்போதுதான் அந்த முகத்தில் ஒரு அசைவு. ஷெல்ஃபைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“மாஃபி, மாஃபி! அது இல்ல, அது பழுது. உள்ள ஃபயரிங் பின் உடைஞ்சு கிடக்கு.”

காக்கா துப்பாக்கியை உருவிக்கொண்டு உள்ளே ஓடினார். பீரோ பூட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் தமிழில் அவள்மேல் பாய்ந்தார்.

“உன் உண்மைய உன் பையிலயே வச்சுக்க. இன்னொரு வார்த்தை பேசினே, நாளைக்கு வேலைக்கு வராத.”

பச்சைப் பொய். மிரட்டல் வேறு. நஸீஹா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கிழவர் காலி ஷெல்ஃபையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சலித்துப்போய், “சரி, எழுது,” என்றார்.

“செவ்வாய்க்கிழமை வாங்க பாபா. துப்பாக்கிக் கட்டைக்கு மரம் பாக்கணும். அதுக்கடுத்த வாரம் இன்னொரு தடவை அளவு எடுக்கணும். டீ போட்டு வைக்கிறேன்.”

கிழவர் கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றினார். வேட்டையில் அப்பனும் மகனும் மாற்றி மாற்றிப் பார்க்கிற பைனாகுலர். அதைக் காக்காவின் கையில் வைத்தார்.

“உனக்குத்தான். எனக்கு இனி வேணாம்.”

காக்கா ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டார். வாசல் வரை போய்க் காரில் ஏற்றிவிட்டு வந்தார்.

நஸீஹா காத்துக்கொண்டிருந்தாள்.

“வெக்கமா இல்லையா காக்கா? பச்சை ரணத்தோட வந்த ஆள்கிட்ட ஆஸ்திரியா, ஜெர்மனின்னு அளக்குறீங்க. பத்தாததுக்கு அன்பளிப்பு வேற. முதலாளிகிட்ட நானே சொல்றேன்.”

“சொல்லு.”

காக்கா பைனாகுலரைக் கவுன்டர் கண்ணாடிமேல் மெல்ல வைத்தார்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு யோசி புள்ள. பைனாகுலரைக் குடுத்துட்டுப் போற மனுஷன் எந்த வேட்டைக்குத் துப்பாக்கி கேக்குறாரு?”

‘பக்கம்தான்’ என்று கிழவர் சொன்னது இப்போதுதான் நஸீஹாவின் காதில் விழுந்தது. ஷெல்ஃபை நோக்கி அவர் நீட்டிய கை கண் முன்னால் நின்றது. அந்தக் கையில் எடுத்துக் கொடுக்கச் சொன்னது அவள்தான்.

காக்கா அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் கிழவரின் மகள்.

“மர்யம், வாப்பா இப்பதான் இங்கேருந்து கிளம்பினாங்க. வாசல்லயே நில்லுங்க, வந்ததும் தனியா விடாதீங்க. என்னால ஏழு மாச அவகாசம்தான் வாங்க முடிஞ்சுது. மிச்சத்த நீங்கதான் பாத்துக்கணும்மா.”