மூச்சு விட இடம்

"மறுபடியும் அந்த வீட்டுலேர்ந்து திருத்தமா?" அச்சக ஃபோர்மேன் வெண்டெலின், திருத்தம் பார்க்க அடித்த புரூஃப் தாளை, எழுத்துக் கோக்கும் என் மேசைமேல் வீசினார். "இந்த லைப்சிக்ல எத்தனையோ கணிதப் புத்தகம் அடிச்சாச்சு. இப்படியொரு படுத்தலைப் பாத்ததே இல்ல. இன்னைக்கு மெஷின்ல ஏத்தியாகணும், சொல்லிட்டு வா!"

இன்டக்ரல் குறியின் தலை மேல்வரியை இடிக்கிறதாம். கூட்டல் குறிக்கு மூச்சு முட்டுகிறதாம். உண்மையில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் ஈய எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய காகிதத்தைச் செருகி, புதுப் புரூஃபோடு பேராசிரியர் ஃபோல்க்மார் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி ஒட்டீலி கதவைத் திறந்தார். "சத்தம் போடாதீங்க" என்று தாள்களை வாங்கிக்கொண்டு படிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வழக்கம்போல உள்ளே அந்த அம்மாவின் தாழ்ந்த குரல் மட்டும் கேட்டது.

"சமன்பாடெல்லாம் இப்ப அழகா இருக்காம்" என்றபடி திரும்பி வந்தார்.

"முதல் பக்கத்தையும் பாத்துடுங்கம்மா."

அங்கே பேராசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை இருந்தது. ஆசிரியர் இறந்துவிட்டால் அப்படிப் போடுவது எங்கள் அச்சு வழக்கம். முந்தைய புரூஃப்களில் அதைக் கோக்க எனக்குக் கை வரவில்லை. அன்றுதான் கோத்திருந்தேன்.

அந்த அம்மா இந்த முறை படிப்பறைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே, பெயருக்கும் சிலுவைக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

"ரொம்ப ஒட்டினாப்ல இருக்கு. கொஞ்சம் தள்ளி வச்சு, இன்னொரு புரூஃப் கொண்டு வாங்க."