தவக்காலத்துக் கொக்கிஸ்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் மன்னார்க் கழுதைகள் அத்தனையும் வரிசையில் வந்து என்னை உதைக்கட்டும். அத்தனையும் சத்தியம்.

பேசாலை மதலேனம்மா தவக்காலத்தில் கொக்கிஸ் சுட்டா.

ஊரே இறைச்சியை விட்டு, பலகாரத்தை விட்டு, ஒடுங்கிக் கிடக்கிற நாற்பது நாள் அது. இவ வீட்டு எண்ணெய் வாசம் கோயில் மணிக்கூண்டு வரைக்கும் ஏறி, அன்றைக்கு மணியே ஒரு அடி பிந்தித்தான் அடித்ததாம்.

"அவவுக்கு நாள் கிழமை இல்லை," என்றது ஊர். "போன வருஷம் உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோட சுட்டா. இந்த முறை தவக்காலத்துக்குள்ளேயே வந்திட்டா."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓட்டோ வந்து நின்றது. புது உடுப்போடு ஸம்ஸியா இறங்கினாள். புருஷன் வஸீர் இறங்கவில்லை. "நோன்புப் பெருநாளும் அதுவுமாச் சண்டை பிடிச்சிராத," என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துகொண்டான்.

சண்டைக்குக் காரணம் ஒரு இரும்பு அச்சு. பூப்போல எட்டு இதழ், நீளக் கம்பி. ஸம்ஸியாவின் உம்மா ஹிதாயாவுக்கு அவவின் உம்மா வழி வந்தது. மாவில் தோய்த்துக் கொதிக்கிற எண்ணெயில் பிடித்தால், கொக்கிஸ் தானாகக் கழன்று மிதக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்துக்குள், முஸ்லிம்கள் இருக்கக்கூடாதென்று கட்டளை வந்து, எருக்கலம்பிட்டிச் சனம் ஒரே நாளில் ஊரைவிட்டு வெளிக்கிடவேண்டி வந்தபோது ஸம்ஸியாவுக்கு ஒன்பது வயது. வாப்பா மஹ்மூது பேசாலையில் கருவாடு வாங்கி விற்றவர். அந்தப் பழக்கத்தில் மதலேனம்மா கடற்கரைக்கு ஓடி வந்தா. வள்ளத்தில் ஏறும்போது உம்மா அச்சை அவவின் கையில் திணித்து, காதுக்குள் ஏதோ சொன்னது மட்டும் ஸம்ஸியாவுக்கு ஞாபகம்.

போய்க் குடியேறிய புத்தளத்தில் உம்மா எத்தனையோ அச்சு வாங்கிப் பார்த்தா. ஒவ்வொன்றும் மாவைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. முந்தநாள்தான் வீட்டைத் திருத்திக்கொண்டு குடும்பத்தோடு ஊர் திரும்பியிருந்தார்கள். வந்து இறங்கியது முதல் உம்மாவுக்கு ஒரே கதை: "மதலேனாட்ட என்ர அச்சு இருக்கு. போய் வாங்கி வா."

வழியில் ஒரு கடையில் வீடு எதுவென்று விசாரித்தபோது கடைக்காரர் சொன்னார்: "கொக்கிஸ்கார மதலேனம்மாவோ? பேர்போன கையெல்லோ."

கையாம். அச்சு ஆருடையது?

ஸம்ஸியா குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். சுளகு நிறையக் கொக்கிஸ். மதலேனம்மாவின் கையில் உம்மாவின் அச்சு. துருவேறிக் கிடக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு, அது கறுத்து மினுங்கிய மினுக்கத்தைக் கண்டு வயிறெரிந்தது. ஒரு வருஷமும் சும்மா கிடந்த அச்சில்லை அது.

"ஆர் பிள்ளை?"

"எருக்கலம்பிட்டி ஹிதாயாட மகள். எங்கட அச்சை வாங்க வந்தனான்."

மதலேனம்மா எண்ணெயில் மிதந்ததைப் புரட்டிவிட்டுத்தான் திரும்பினா.

"இவ்வளவு பிந்தியோ வாறது?"

ஸம்ஸியாவுக்குச் சுள்ளென்று ஏறியது. "பிந்தித்தான் போச்சு மாமி. அதுக்குள்ள நீங்கள் பேரெடுத்திட்டீங்கள். யாவாரம் எப்பிடிப் போகுது?"

"நான் விக்கிறேல்லை."

"அப்ப இவ்வளவும் ஆருக்கு? உங்களுக்குத் தவக்காலமெல்லோ."

"நான் தொடமாட்டன். நீ ஒண்டு தின்."

ஸம்ஸியா கையைப் பின்னுக்கு இழுத்தாள். "குறை நினைக்காதேங்கோ. உங்கட சட்டியில பன்றியும் பொரிஞ்சிருக்கும்."

குசினி வாசலில் நின்ற மதலேனம்மாவின் மருமகள் சிரித்துவிட்டாள்.

"இந்தச் சட்டியிலயோ? அக்கா, இதில ஒரு முட்டை பொரிக்க எனக்கு உரிமையில்லை. கலியாணம் முடிச்சு வந்த கிழமை தெரியாமல் எடுத்துப்போட்டு, பட்ட பேச்சு இண்டைக்கும் காதுக்குள்ள கேக்குது. கொக்கிஸ் சுட்டு முடியத் தேய்ச்சு, சீலையில சுத்தி, அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுவா. எங்கட உடுப்பு வெளியில, சட்டி உள்ளுக்க."

"பொத்தடி வாயை," என்றா மதலேனம்மா.

"பொத்தமாட்டன் மாமி. நேற்றுப் பின்னேரமும் ரேடியோவைக் காதுக்க வச்சுக்கொண்டு இருந்தவ, அக்கா. பிறை கண்டாச்செண்டு அறிவிச்ச உடனே அரிசியை ஊறப்போட்டா. கரண்ட் இல்லாத காலத்தில, மாமா சைக்கிளைத் தலைகீழா விட்டுப் பெடல் சுத்த, டைனமோவில ரேடியோ ஓடவிட்டுக் கேட்டவவாம். எங்கட பிள்ளையள் கிறிஸ்மஸுக்குக் கேட்டு அழுதாலும் ஒண்டு சுட்டுக் குடுக்கமாட்டா. உங்கட பெருநாளைக்கு மட்டும்தான். அதையும் பொழுதுபடும் வரைக்கும் ஒருத்தரும் தொடேலாது. படலையையே பார்த்துக்கொண்டு இருப்பா. இருட்டின பிறகுதான் அயலுக்குப் பங்கு."

ஸம்ஸியா சுளகுக்குக் கிட்டப் போனாள்.

"ஏன் மாமி?"

மதலேனம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அச்சைத் துடைத்து அவளின் கையில் வைத்துக்கொண்டே சொன்னா:

"கேக்கிற கேள்வியைப் பார். வள்ளத்தில ஏறேக்க உன்ர உம்மா என்ன சொன்னவ? 'பெருநாளைக்கு வந்திடுவம் மதலேன்' எண்டெல்லோ. எந்த வருஷத்துப் பெருநாளெண்டு சொன்னவவோ?"

ஸம்ஸியா சுளகில் இருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். அந்தச் சத்தம் எருக்கலம்பிட்டியில் இருந்த ஹிதாயாவுக்குக் கேட்டது.

இதையெல்லாம் ஆர் சொன்னதென்று மதலேனம்மாவிடம் மட்டும் போய்ச் சொல்லிப்போடாதேங்கோ. அன்றைக்குச் சுளகில் எண்ணி வைத்ததில், ஸம்ஸியா கடித்தது போக இன்னும் ஒன்று குறைந்ததாம். ஆளை அவ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா.