பெல் அடிக்கும்வரை

"இருபது வருஷ சர்வீஸ். கிளாஸ் நடுவுல போட்டோ எடுக்க வராதீங்கன்னு பிரின்சிபால்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு பயமா?" என்று காலையில் கணவர் சிரித்தார். "உங்களுக்கென்ன, நோகாம சொல்லிடுவீங்க" என்று டிபன் பாக்ஸைப் படாரென்று மூடினாள் டீச்சர். இப்போது கணக்கு வகுப்பு. வெயில் கரும்பலகையின் பாதி வரை ஏறியிருக்கிறது. வருஷம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, விடை எப்படி வந்தது என்று திக்கித் திணறிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாக்பீஸைக்கூட அசைக்காமல் கேட்கிறாள் டீச்சர். கதவு திறக்கிறது. "ஸ்கூல் பேஜுக்கு ஒரே ஒரு போட்டோ, டீச்சர்! எல்லாரும் கையைத் தூக்குங்க, பல்லு தெரியட்டும்!" பிரின்சிபாலின் போன் பளிச்சிடுகிறது. வகுப்பே கை தூக்கிச் சிரிக்கிறது. அந்தப் பெண் மட்டும் பாதிப் பேச்சை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். "இன்னொண்ணு எடுத்துக்கலாம். நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, டீச்சர்." டீச்சர் திரும்புகிறாள், நேருக்கு நேராக. "மேடம், பெல் அடிக்கிற வரைக்கும் இந்தக் கிளாஸை எங்கிட்ட விட்டுடுங்க."