கத்தரி இலையில் ஓட்டை

"பூச்சி விழுந்த கத்தரிக்காய் இருந்தா ரெண்டு குடுங்க."

காய்கறிக் கடைக்காரர் தராசிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"குத்திக் காட்டாதீங்கண்ணே. நேத்து வந்த சரக்கு அப்படி. இன்னிக்கு எல்லாம் சுத்தமா இருக்கு."

"இல்லைங்க, நிஜமாத்தான் கேக்கறேன்."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, கழித்துப் போட்ட கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

கண்டக்டர் குந்தி உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் அவருக்கு இன்னும் அதுதான் பெயர். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் யாரும் இல்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வருகிறார். அதற்குள் ஒரு புழு வேண்டும்.

டாக்டரம்மா உண்மையில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். வீட்டுத்தோட்ட வாட்ஸாப் குழுவில் யார் செடிக்குச் சளி பிடித்தாலும் மருந்து சொல்வதால் அந்தப் பட்டம்.

அந்தக் குழுவில்தான் கண்டக்டர், மொட்டைமாடித் தொட்டியில் காய்த்த தன் முதல் கத்தரிக்காயின் படத்தைப் போட்டார். இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதோடு சரி.

அப்புறம் ஒரு நாள் இலை சுருண்டது. அதைப் போட்டார்.

குழுவே கூடிவிட்டது. வேப்பெண்ணெய் என்றார்கள், சோப்புத் தண்ணீர் என்றார்கள், வெயில் போதாது என்றார்கள், வெயில் அதிகம் என்றார்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் எழாததுமாக நாலைந்து பேர், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார்கள்.

செடியைத்தான் கேட்டார்கள். ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

வேப்பெண்ணெய் வேலை செய்து தொலைத்தது. இலை நிமிர்ந்தது. குழு அடுத்த வீட்டுத் தக்காளிக்குப் போய்விட்டது.

அதன்பிறகுதான் கண்டக்டரின் கத்தரி இலைகளில் ஓட்டை விழ ஆரம்பித்தது.

டிக்கெட்டில் ஓட்டை போடும் பழைய கருவி மேசை டிராயரில் கிடந்தது. பஸ்ஸுக்கு மெஷின் வந்தபிறகு அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. புழுவுக்கு வட்டம் போட வராது என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் நகத்தால் கொஞ்சம் கிள்ளி விடுவார். தொழில் சுத்தம்.

மறுபடி குழு கூடியது. மறுபடி, இப்ப எப்படி இருக்கு.

நேற்றுதான் வினை வந்தது. "எல்லா மருந்தும் அடிச்சாச்சு, புழுவைக் கண்ணாலயே பாக்கலன்னா எப்படி கண்டக்டர் சார்? நான் அடுத்த தெருதான். நாளைக்கு நேர்ல வந்து பாக்கறேன்" என்று டாக்டரம்மா எழுதிவிட்டார்.

கண்டக்டர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் வீட்டுப் படியேறி வந்தவர் என்றால் மின்சார மீட்டர் பார்ப்பவர்தான். அவரும் மூச்சு வாங்கினாரே தவிரப் பேசவில்லை.

வர வேண்டாம் என்று எழுத விரல் போகவில்லை. வாங்க என்று எழுதிவிட்டு, அப்புறம்தான் பயந்தார். யாருடைய தக்காளியையோ தன் தக்காளி என்று படம் போட்ட ஒருவரைப் போன மாதம் குழுவிலிருந்து நீக்கினார்கள். அப்போது கட்டைவிரல் உயர்த்தியவர்களில் கண்டக்டரும் ஒருவர்.

வீட்டுக்கு வந்து காயை வெட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக ஒன்று நெளிந்தது. ஸ்பூனால் எடுத்து, ஓட்டை நிறைய இருந்த இலையில் குடியேற்றினார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை மாடிக்குத் தூக்கிப்போய்த் துடைத்து வைத்தார். அவர் நின்றுகொள்வார், பழக்கம்தான்.

டாக்டரம்மா வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலையருகே குனிந்தார்.

"இது காய்க்குள்ள குடியிருக்கற புழுவாச்சே. இலையை எட்டிக்கூடப் பாக்காதே."

"காலம் மாறிப்போச்சுங்க" என்றார் கண்டக்டர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தொட்டி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணின்மேல் பச்சைப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. சில காய்ந்து பழுப்பாகியிருந்தன. எல்லாம் ஒரே அளவு.

ஓட்டை போட்டதில் கீழே விழுந்த துண்டைக் குனிந்து பார்க்கும் வழக்கம் எந்தக் கண்டக்டருக்கும் கிடையாது.

டாக்டரம்மா ஒரு பொட்டை விரல்நுனியில் ஒற்றி எடுத்தார். இலையைத் தூக்கி, ஒரு ஓட்டையின்மேல் வைத்துப் பார்த்தார். அதைத் தட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தார். கொடியில் ஒரு சட்டை, ஒரு துண்டு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சரி, வரேன்."

படியிறங்கும் சத்தம் தெருவில் கரைந்தது.

கண்டக்டர் அதே நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டார். நீக்கிவிட்டால் குழுவில் கடைசியாக என்ன தெரியும் என்று யோசித்தார். காலையில் யார் என்ன கேட்பார்கள் என்றும் யோசித்தார்.

போன் அதிர்ந்தது. குழுவில் டாக்டரம்மா எழுதியிருந்தார்.

"கண்டக்டர் சார் செடியை நேர்ல பாத்தேன். யாரும் இனிமே மருந்து சொல்ல வேண்டாம். இது மருந்துக்குக் கேக்கற வியாதி இல்ல, சீக்கிரம் குணமாகறதும் இல்ல. வாராவாரம் நானே நேர்ல போய்ப் பாத்துக்கறேன்."