வாத்தியாருக்கு வாத்து

“பேசாம வாத்து வாங்குங்க சார். நீங்க எடுத்திருக்கிற எடத்துக்கு அதான் தோது.”

சொன்னவன் சுப்பன். பக்கத்து மேட்டில் குடிசை போட்டுக்கொண்டு ஆடு மேய்ப்பவன். கேட்ட சக்கரபாணிக்குச் சுருக்கென்றது.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேங்கிக்காலில் இருந்த வீட்டை விற்று, அடி அண்ணாமலையைத் தாண்டி இரண்டு ஏக்கர் வாங்கி, கொட்டகை போட்டு, மனைவியோடு குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. என்ன வளர்க்கலாம் என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டால், வாத்தாம்!

“ஏன், மாடு வாங்கினா என்ன? பௌர்ணமி ஆனா கிரிவலத்துக்கு அவ்ளோ கூட்டம் வருது. டீக்கடைக்காரங்க பாலுக்குப் பறக்கிறாங்க.”

“மாடு சரிப்படாது சார். ஆசையா இருந்தா வாங்கி என் மேட்டுல கட்டிக்கங்க. நான் பாத்துக்கிறேன்.”

“ஆடு?”

“ஆடு அதைவிட மோசம்.”

“கோழியாவது வளர்க்கலாமா, இல்ல அதுக்கும் தடையா?”

“கோழி ரொம்ப நாள் தாங்காது சார். வாத்துனா எங்க மச்சான் கீழ்பென்னாத்தூர்ல மந்தையே வெச்சிருக்கான். நான் சொன்னா கம்மி வெலைக்குக் குடுப்பான்.”

அப்படி வா வழிக்கு என்று சக்கரபாணி மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

கொட்டகைக்குள் வந்ததும் மனைவி சந்திரகலாவிடம் கொட்டித் தீர்த்தார். “மச்சான் வாத்தை நம்ம தலையில கட்டப் பாக்கிறான் சந்திரா. மாட்டை வாங்கி அவன் மேட்டுல கட்டணுமாம். தீனி நாம போடணும், பாலை அவன் கறக்கணும். கோழி ரொம்ப நாள் தாங்காதாம். அவன் வீட்டுக் குழம்புக்குப் போயிடும்னு முன்கூட்டியே சொல்றான்!”

“சும்மா இருங்க. அவரு வெள்ளந்தியா பேசுறாரு. நேத்துகூட ரெண்டு வெள்ளரிக்காய் குடுத்துட்டுப் போனாரு.”

“வெள்ளரிக்காயா? எங்க வெளைஞ்சுதாம்?”

“இங்கதானாம். வெயில் காலம் வந்தா இந்த எடத்துலதான் வெள்ளரி போடுவாராம்.”

சக்கரபாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமாகப் பயிர் வைத்தவன் நான்தான், நிலம் எனக்குத்தான் என்று நாளைக்கே கோர்ட்டுக்குப் போனால்? இருந்த ஒரே வீட்டையும் விற்றாயிற்று. இதுவும் கைவிட்டுப் போனால் இந்த வயதில் இருவரும் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தார். அங்கங்கே நின்ற கருவேல மரங்களில் எல்லாம் ஆள் உயரத்தில் மண் நிறத்தில் ஒரு கோடு.

“இங்க வந்து பாரு! எல்லா மரத்துலயும் ஒரே உயரத்துக்கு மண்ணைப் பூசி அடையாளம் வெச்சிருக்கான். எல்லை பிரிக்கிறான் திருட்டுப்பய!”

“எதுக்கும் நமக்கு வித்த ராஜமாணிக்கத்தை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்.”

“அந்த மனுஷனை ஏன் இதுல இழுக்கிற? நெத்தி நெறைய விபூதி, வாயைத் தொறந்தா அருணாசலா! பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு, பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி கண்கலங்கிப் போயிட்டாரு. இவன்தான் கள்ளன். வாத்தியாருக்கு வாத்துனு கிண்டல் வேற!”

சந்திரகலா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சனிக்கிழமை சக்கரபாணி யாரையும் கேட்காமல் கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்க் கறவைப் பசு ஒன்றைப் பிடித்துவந்தார். ஏமாற அவர் என்ன இளிச்சவாயா? வாயைப் பிளந்து பல் பார்த்தார். சுழி பார்த்தார். முந்தின நாளே ஒரு தடவை போய், சாயங்காலமும் அன்று காலையிலும் நேரில் நின்று கறக்கவைத்து, பாலை அளந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் மாட்டையும் கன்றையும் மினி வேனில் ஏற்றினார். கொண்டுவந்து இருப்பதிலேயே பெரிய கருவேல மரத்தில், மேட்டிலிருந்து சுப்பன் கண்ணில் படுகிற மாதிரி கட்டினார்.

இரண்டு வருஷமாக ஏமாற்றிய வானம் அன்று மலைக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. சுப்பன் மேட்டிலிருந்து ஓடிவந்தான்.

“சார், மாட்டை அவுத்துக்கினு மேட்டுக்கு வந்துடுங்க. அம்மாவையும் கூட்டிக்கினு வாங்க. சாமானைக்கூட அப்புறம் பாத்துக்கலாம்.”

“நாங்க அந்தப் பக்கம் வந்தா நீ இந்தப் பக்கம் கொட்டகையில பூந்துக்கலாம், அதானே?”

“ஐய, என்னா சார் பேசுறீங்க?”

“யோவ், உன் கணக்கு எனக்குத் தெரியும்யா. வெள்ளரி போட்டா நிலம் உனக்குச் சொந்தமாயிடுமா? மரத்துல கோடு போட்டா அது எல்லையாயிடுமா? வீட்டை வித்து வாங்கின நிலம் இது. ஒரு அடி நகர மாட்டேன்!”

சுப்பன் திருதிருவென்று விழித்தான். “நிலமா? எந்த நிலம் சார்?”

“இதான்யா! நாம நிக்கிற இது!”

சுப்பன் மாட்டின் தலைக்கு மேலே மரத்தில் ஓடிய மண் கோட்டைத் தொட்டுக் காட்டினான். அவன் குரல் இறங்கிவிட்டது.

“இது போன தபா தண்ணி நின்ன கோடு சார். என் குடிசை இருக்குதே, அந்தக் கரைக்கு அந்தாண்டதான் நிலம், இந்தாண்ட எல்லாம் ஏரி. நீங்க மீன் குத்தகை எடுத்திருக்கீங்கனு நெனச்சுதானே சார் வாத்து வாங்கச் சொன்னேன்?”